…றந்த வீடு

1

இந்தக் கதை ஓர் எலுமிச்சம்பழத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் எலுமிச்சம்பழம். ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய, விற்பனைக்கு வைத்த வீட்டின் சமையல் மேடைமேல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. ஒன்றை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தேன். அப்போது வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

கோபம் தணிந்த பிறகுதான் எழுத வேண்டும் என்பார்கள். அப்படித் தணிந்த பிறகு எழுதியவர்களின் புத்தகங்களுக்குப் பிழை திருத்தியே என் தலை நரைத்தது. அவற்றில் பிழை இருக்காது. [வேறு எதுவும்கூட இருக்காது.]

இது மூன்றாவது தொடக்கம். முதலாவது இது:

அந்த வீடு காலியாக இருந்தது.

காலி என்று யார் சொன்னது? அடித்துவிட்டேன். இரண்டாவது:

தம்பி போன பிறகு அக்கா அந்த வீட்டில்

இங்கே நின்றுவிட்டேன். "போன பிறகு" என்று எழுதியதும் எங்கே போனான், எப்போது வருவான் என்று கேட்கத் தோன்றியது. அவன் எங்கேயும் போகவில்லை, செத்துப்போனான். [அதிலும் ஒரு "போனான்" இருக்கிறது. அதை என்னால் ஒன்றும் செய்ய முடியாது.]

அடித்த வரிகளை ஏன் காட்டுகிறேன் என்று கேட்பீர்கள். அது எங்கள் அச்சகத்துப் பழக்கம். அடிக்க ஒரே கோடு போதும். அடித்ததும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். இங்கே ஏதோ இருந்தது, எடுத்திருக்கிறோம் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டும். மையைக் கொட்டி மறைத்தால் அதற்குப் பெயர் திருத்தம் இல்லை, திருட்டு.

இந்தக் கதை மொத்தமும் அதுதான். அவசரக்காரர்கள் இங்கேயே எழுந்து போகலாம்.

2

இதில் வருகிற பெண்ணுக்கு அக்கா என்று பெயர். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அந்த வீட்டில் பிறந்தவள். அப்பா அம்மாவுக்குப் பிறகு தம்பியும் அவளுமாக அங்கேயே இருந்தார்கள். மூத்தவர் அண்ணன், வேறு ஊரில், குடும்பத்தோடு. போன மழைக்காலத்தில் தம்பி செத்துப்போனான், அந்த வீட்டில், தன் அறையில், தன் கட்டிலில்.

அக்கா நான்தான். மறைக்கவில்லை. ஆனால் அவளைப் படர்க்கையில்தான் எழுதப்போகிறேன். தன்மையில் எழுதினால் எனக்கே பிழை விழுகிறது.

வீட்டை விற்க அக்கா சம்மதித்தாள். இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். சொத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிற கதை இல்லை இது. அண்ணன் போனில் சொன்னார், "நீ ஒருத்தி, அவ்வளவு பெரிய வீட்ட வச்சுகிட்டு என்ன பண்ணப்போற? கொடுத்துடலாம்மா." அவளும் சரி என்றாள். அடுத்த தெருவில் ஒரு மாடி அறைக்குக் குடிபோனாள். யாரோ வருவார்கள், பார்ப்பார்கள், பிடித்தால் வாங்குவார்கள், அவர்களிடம் எந்தக் குழாய் ஒழுகும், எந்த ஜன்னல் மழைக்கு ஊதிக்கொள்ளும், என் தம்பி எந்த அறையில் இருந்தான் என்று சொல்லிச் சாவியைக் கொடுப்போம் என்று நினைத்திருந்தாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். அவன் இருந்தான் என்று சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும்.

3

தரகர் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். சும்மா கிடக்கிற வீட்டுக்கு வாடகைச் சோபா, வாடகைத் திரைச்சீலை, வாடகைச் செடி எல்லாம் கொண்டுவந்து வைத்து, வாங்க வருகிறவர்கள் மயங்குகிற மாதிரி ஆக்குவது அவள் தொழில். நான் அவளை ஜோடனைக்காரி என்று எழுதப்போகிறேன். முதல் வரைவில் அவளுக்குக் குரூரமான சிரிப்பு ஒன்று கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். அவளுக்கு நல்ல சிரிப்பு. அதுதான் எரிச்சல்.

"அக்கா, வீடு சூப்பர். ஆனா ரொம்ப... எப்படிச் சொல்றது, ரொம்ப உங்க வீடா இருக்கு."

"என் வீடுதானே?"

"அதாங்க்கா பிரச்சினையே. உள்ள வர்றவங்களுக்கு இது அவங்க வீடுன்னு தோணணும். யாரும் இருந்த மாதிரி தெரியக் கூடாது. ஆனா யாரோ இருக்கற மாதிரி இருக்கணும்."

அக்கா யோசித்தாள். "இறந்தகாலம் கூடாது, நிகழ்காலம் வேணும்."

"ஐயோ, சூப்பரா சொல்றீங்க! இத நான் எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன். ஸ்டேஜிங்னு சொல்வோம்க்கா எங்க லைன்ல."

"மேடை ஏத்துறீங்க."

"கரெக்ட்."

"வீட்டுக்கு என்ன வேஷம்?"

"சந்தோஷமான குடும்பம்."

"ஏன், இங்க இருந்தவங்க என்ன மூஞ்சியத் தூக்கி வச்சுகிட்டா இருந்தோம்?"

ஜோடனைக்காரி சிரித்தாள். தரகர் சிரிக்கவில்லை. அவர் அக்காவை வாசல் பக்கமாக ஒதுக்கிக் கூப்பிட்டுப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, யார் கேட்டாலும் அந்த விஷயத்த மட்டும் சொல்லிடாதீங்க."

"எந்த விஷயம்?"

"அதாம்மா. தம்பி விஷயம்."

"தம்பி விஷயம் இல்லீங்க. ஆளு."

"நான் தப்பா சொல்லல. சாவு நடந்த வீடுன்னா ஒரு மாதிரி யோசிப்பாங்க."

"சாவு நடக்காத வீடு உங்ககிட்ட எத்தன இருக்கு?"

"கேட்டாத்தானே சொல்லணும்? கேக்காத மாதிரி பண்ணிடலாம்."

[கேட்காத மாதிரி பண்ணிவிடலாம். இந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் கதையில் வைத்திருக்கிறேன். இனி அவர் வரமாட்டார், போகலாம்.]

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜோடனைக்காரி வந்த நிமிடத்திலிருந்து அக்கா அக்கா என்றாள். சாமான் தூக்க வந்தவர்களும் அக்கா. பெயின்ட் அடிக்க வந்தவரும், அவர் இவளைவிட மூத்தவர், அக்கா. உலகத்தில் அதைச் சொல்ல உரிமை உள்ளவன் ஒருத்தன் இருந்தான். அவன் வாயை மூடியதும் ஊர் முழுக்க அதை எடுத்துக்கொண்டது, கேட்பாரற்றுக் கிடந்த பொருள் மாதிரி.

4

தம்பிக்குக் கால்கள் பேச்சைக் கேட்காமல் போனது அவன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வயதில். முதலில் தடுமாற்றம், அப்புறம் தடி, அப்புறம் தடியும் போதாமல் சுவர். அவன் அறையிலிருந்து குளியலறைக்கும் சமையலறைக்கும் போக ஒரு நீள நடை உண்டு. அந்த நடையில்தான் அவன் நடை. [இதை வைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எழுத்துக்கும் நடை என்றுதான் சொல்கிறோம், அதையும் சேர்த்தால் மூன்று நடை ஆகிவிடும். கைதட்டல் வாங்குகிற புத்தி. வேண்டாம்.]

மருந்துக் கடையில் விற்கிற கைப்பிடியை அவன் தொடக்கூட மறுத்தான்.

"அதப் பிடிச்சா நோயாளிக்கா. பஸ்ல கம்பியப் பிடிக்கறவன யாராவது நோயாளின்னு சொல்றாங்களா? பிரயாணி."

பழைய இரும்புக் கடையில் சொல்லிவைத்து, உடைக்கப் போட்டிருந்த ஒரு பஸ்ஸின் நீளக் கம்பியை வாங்கி, நடைச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பதிக்கச் செய்தான். அன்றிலிருந்து நடை பஸ் ஆகிவிட்டது.

"உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க. பாத்ரூம் எல்லாம் இறங்கு!"

எதிரே அக்கா வந்தால் வழிவிட மாட்டான்.

"டிக்கெட் எடுத்தியாடா?" என்பாள்.

"பாஸ்."

"காட்டு."

காலைத் தூக்க முடிந்த நாளில் தூக்கிக் காட்டுவான். முடியாத நாளில், "கீழ பாத்துக்க, எடுக்க முடியல, கூட்டம்" என்பான்.

கம்பி அவன் உள்ளங்கை பட்ட இடங்களில் மட்டும் மினுங்கும். அதன் கீழே சுவரில் விரல்கள் உரசி உரசி ஒரு கறுப்புப் பட்டை விழுந்திருந்தது, நடையின் முழு நீளத்துக்கும்.

ஜோடனைக்காரி அதைப் பார்த்ததும், "இது போயிடும்க்கா" என்றாள், ஏதோ சளி இருமல் போய்விடும் என்று டாக்டர் சொல்வதுபோல.

"இது இருக்கட்டும்."

"ஆஸ்பத்திரி மாதிரி தெரியும்க்கா."

"பஸ் மாதிரி தெரியும். உத்துப் பாருங்க."

"சரி, சரி. நீங்க சொன்னா சரி."

5

அச்சகத்தில் ஒரு வழக்கம். தவறிப்போய் ஒரு நல்ல சொல்லை அடித்துவிட்டால், அதற்குக் கீழே புள்ளிகள் வைத்து, ஓரத்தில் "இருக்கட்டும்" என்று எழுதுவோம். அச்சுக் கோப்பவர் அடித்த கோட்டைக் கண்டுகொள்ளாமல் மூலத்தையே போடுவார். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் தொழிலில் எந்த அதிகாரியின் கையெழுத்தையும்விட மரியாதை அதிகம்.

பெயின்ட் வேலை தொடங்குவதற்கு முன் அக்கா ஒரு சீட்டில் "இருக்கட்டும்" என்று பட்டையாக எழுதிக்கொண்டு போனாள். கம்பியில் பசை பிடிக்கவில்லை. அதனால் கம்பிக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவிட்டு வந்தாள்.

இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது நடை வெள்ளை வெளேர் என்று இருந்தது. கம்பி இல்லை. கறுப்புப் பட்டை இல்லை. சீட்டு இருந்தது. அதைச் சுற்றி அழகாக ஒரு சதுரம் விட்டுப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"என்னம்மா இது?"

"எதுக்கா?"

"கம்பி எங்க?"

"கம்பியா? நீங்க சுவரத்தானே இருக்கட்டும்னு போட்டிருந்தீங்க? பசங்க குழம்பிட்டாங்க. சுவர எதுக்கு இடிக்கப்போறோம், இருக்கத்தானே போவுதுன்னு நானே சொன்னேன்." அவள் சீட்டைச் சுட்டிக் காட்டினாள். உண்மையாகவே பெருமை. "சீட்டக்கூட எடுக்கலக்கா. நீங்க ஒட்டினதாச்சேன்னு."

"கம்பி எங்க?"

"பழைய இரும்புக்குப் போட்டாச்சு."

பழைய இரும்புக் கடையிலிருந்து வந்தது, பழைய இரும்புக் கடைக்கே போய்விட்டது. நல்ல எழுத்தாளர் ஒருவர் இந்த இடத்தில் வட்டம் பூர்த்தியானதாக எழுதி நம்மைப் பெருமூச்சு விடவைப்பார். எனக்கு வயிறு எரிகிறது. அக்கா கடைக்கு ஓடினாள். எடை போட்டதும் வண்டியில் ஏறிப் போய்விட்டது என்றார்கள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஒரு கம்பிக்குப் போயி இப்படிப் பேசறியேம்மா."

"கம்பி இல்லண்ணே அது."

"அப்ப என்ன?"

அக்காவுக்குப் பதில் வரவில்லை. இப்போது எனக்கு நல்ல நல்ல பதில்களாகத் தோன்றுகின்றன, வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றில் ஒன்றை அவள் வாயில் வைத்தால் நானும் ஜோடனைக்காரிதான். அவள் போனை வைத்தாள். அதுதான் நடந்தது.

6

சாமான்களெல்லாம் வந்து இறங்கிய பிறகு ஜோடனைக்காரி கூப்பிட்டாள், "வந்து பாருங்கக்கா, அசந்துபோயிடுவீங்க."

அசந்துதான் போனாள். எலுமிச்சம்பழங்களைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன். கூடத்தில் யாரும் உட்கார்ந்தால் குழிவிழாத சோபா. மேஜைமேல் நான்கு தட்டு, நான்கு கோப்பை. பக்கத்து அலமாரியில் அக்காவின் புத்தகங்கள். கிட்டப் போனால் எல்லாம் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன. முதுகு உள்ளே, தாள் விளிம்பு வெளியே.

"ஏன் இப்படி?"

"ஒவ்வொண்ணும் ஒரு கலர்க்கா, கண்ண உறுத்துது. திருப்பி வச்சா கிரீம் கலரா ஒரே மாதிரி இருக்கும்."

"என்ன புஸ்தகம்னு எப்படித் தெரியும்?"

"யார்க்கா படிக்கப்போறாங்க?"

அக்கா வாழ்நாளெல்லாம் திருத்திய பக்கங்கள் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி சுவரைப் பார்த்து நின்றன.

தம்பியின் அறை குழந்தைகள் அறை ஆகியிருந்தது. கட்டில் இருந்த இடத்தில் ஆடுகிற மரக்குதிரை. சுவரில் ஒரு படம்: அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண். நான்கு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு.

"யாரு இவங்க?"

"மாடல்க்கா. ஃபிரேமோடயே வரும்."

"இவங்க இங்க இருக்கலாம். அவன் இருக்கக் கூடாதா?"

ஜோடனைக்காரிக்கு முதல் தடவையாகச் சிரிப்பு நின்றது. "அக்கா, நான் என் வேலையத்தான் செய்யறேன். காலியா காட்டினா வீடு சின்னதா தெரியும். நாளைக்கு விலை போகலைன்னா உங்க அண்ணன் என்னத்தான் கேப்பாரு. உங்க மேல எனக்கு என்ன கோபம்?"

"கோபம் இருந்தாப் பரவாயில்லையே. இருந்தா எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவயாவது பாத்திருப்பீங்க."

[இந்த வாக்கியத்தை அக்கா உண்மையாகவே சொன்னாள். இப்படிச் சில நேரம் வரும்.]

இந்த இடத்தில் நான் செய்யப்பார்த்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குதிரை நின்ற இடத்தைப் பார்த்ததும் அக்காவுக்குத் தம்பியின் கடைசி வார்த்தை நினைவுக்கு வந்ததாக ஒரு பத்தி எழுதினேன். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இங்க இறங்கிக்கறேன்க்கா" என்று சொன்னதாக. படித்துப்பார்த்து நானே அழுதேன். அப்புறம் நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சம்பழம்.

அவன் கடைசியாகச் சொன்னது, "ஃபேனக் கொறச்சு வைக்கா."

குறைத்து வைத்தாள்.

அந்தப் பத்தியை ஒரே கோட்டில் அடித்திருக்கிறேன். என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரிகிறதல்லவா? அப்படித்தான் அடிக்க வேண்டும்.

7

ஞாயிற்றுக்கிழமை வீட்டைத் திறந்து வைப்பார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அதற்குத் திறந்த வீடு என்று பெயராம். வாசலில் பெரிய பேனர் கட்டுவார்கள்.

ஜோடனைக்காரி டைப் அடிக்கிற வழக்கமில்லாதவள். போனிடம் பேசுவாள், அது எழுதிக்கொள்ளும். அக்கா மாடி அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது. முதலில் அவள் குரல்:

"அக்கா, நடந்தத மனசுல வச்சுக்காதீங்க. பேனர் கடையில மேட்டர் கேக்கறாங்க, மிஷின்ல ஏத்தி வச்சிட்டு நிக்கறாங்க. நீங்க பிழை திருத்தறவங்களாமே, உங்க அண்ணன் சொன்னாரு. ஒரு தடவ பாத்து ஓகே சொல்லிடுங்கக்கா. எனக்குத் தமிழ் தகராறு."

கீழே பேனர் வாசகம்:

இறந்த வீடு!
இந்த ஞாயிறு முழுவதும்
அனைவரும் வருக

அக்கா மறுபடி படித்தாள். மடித்த துணியைக் கீழே வைத்தாள். அப்புறம் சிரித்தாள். தம்பி போன பிறகு, சரி, செத்த பிறகு, அவள் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தாள். கேட்காத மாதிரி பண்ணிவிடலாம் என்று எல்லோருமாகச் சேர்ந்து கம்பி பிடுங்கிய ஓட்டைகளைப் புட்டி மாவால் அடைத்து, பெயின்ட் அடித்து, குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தி மூடிய ஒன்றை, தமிழ் தெரியாத ஒரு போன் வாசலில் கட்டச் சொல்கிறது. இலக்கணப்படி பார்த்தாலும் சரி. ஒருத்தன் இருந்த வீடு என்றால் அது இறந்தகாலம்தானே?

அந்த ஜோடனை முழுவதிலும் உண்மையான சொல் அது ஒன்றுதான். அதைத்தான் பிழை என்று திருத்தச் சொல்லி அவளிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

8

இங்கேதான் எனக்கும் கதைக்கும் ஒத்துப்போகவில்லை. முடிவுகள் எழுதிப்பார்த்தேன்.

முதல் முடிவு. அக்கா திருத்துகிறாள். பார்த்த பிழையைத் திருத்தாமல் விட்டால் கை அரிக்கும், தொழில் அப்படி. இ-யை எடுத்துவிட்டுத் தி போட்டு அனுப்புகிறாள். பேனர் ஏறுகிறது, வீடு விலைபோகிறது, மரக்குதிரை அடுத்த வீட்டுக்கு வண்டி ஏறுகிறது. இந்த முடிவில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது முடிவு. அக்கா ஒரே ஒரு வார்த்தை பதில் அனுப்புகிறாள்: "இருக்கட்டும்." ஜோடனைக்காரி அதைச் சரி என்று எடுத்துக்கொள்கிறாள். வாசலில் ஆளுயரத்துக்கு இறந்த வீடு தொங்குகிறது. தெரு கூடுகிறது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல், சோபாவில் உட்காராமல், மெதுவான குரலில், "என்ன வயசு?" என்று கேட்கிறார்கள். கேட்கத்தான் கேட்கிறார்கள். எலுமிச்சம்பழங்களுக்கு நடுவில் நின்று அக்கா வயதைச் சொல்கிறாள். இதை எழுதும்போது எனக்கு இனித்தது. ஆனால் அடுத்த நாளே அந்தப் பெண்ணுக்கு வேலை போயிருக்கும். என் தம்பியைப் பார்க்காமல் அழித்தவளை நானும் பார்க்காமல் அழிப்பதா?

மூன்றாவது முடிவு. அக்கா இ-யை எடுத்துவிட்டுப் பி போடுகிறாள். பிறந்த வீடு. அவளும் அவனும் பிறந்த வீடு. பேனர் கடைக்காரர்கூட நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். வேண்டாம். எலுமிச்சம்பழம்.

நடந்தது எது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அக்கா போனைக் கையில் எடுத்தாள். விரலை வைத்து அந்த முதல் எழுத்தை மட்டும் அழித்தாள். அழித்த இடத்தில் ஒரு சின்னக் கோடு நின்று மினுக்கிக்கொண்டிருந்தது. அப்போது ஜோடனைக்காரியே போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, பாத்தீங்களா? ஓகேவா? பிரிண்ட் போடச் சொல்லட்டுமா?"

நான் வாயைத் திறந்தேன்.

[பார்த்தீர்களா, தன்மை வந்துவிட்டது. இருக்கட்டும்.]

9

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. களைப்பு இல்லை, கோபம்தான். என் வீட்டை யாரோ எழுதி முடித்தார்கள், நான் ஏன் உங்களுக்கு முடித்துத் தர வேண்டும்?

ஒன்று செய்யுங்கள். எங்கேயாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளை அடித்து, வாடகைச் செடி வைத்து, மணக்காத பழங்களோடு உங்களுக்காகக் காத்திருக்கிற வீட்டுக்குள் நுழைந்தால், நடைச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கையை வைத்து நடந்து பாருங்கள். வழவழப்புக்கு நடுவில் ஓட்டைகளைப் புட்டி வைத்து அடைத்த இடங்கள் சின்னச் சின்ன மேடாகத் தட்டுப்படும், வரிசையாக, அடித்த சொல்லுக்குக் கீழே நாங்கள் வைக்கிற புள்ளிகள் மாதிரி. அங்கே நின்று, உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவரிடம், "இங்க யார் இருந்தாங்க?" என்று கேளுங்கள். கேட்காத மாதிரி பண்ணியிருப்பார்கள். கேளுங்கள்.

அப்புறம் வாசலுக்கு வாருங்கள். மிஷினில் ஏற்றி வைத்துவிட்டு நிற்கிறார்கள். ஓர் எழுத்துதான் பாக்கி.

…றந்த வீடு!
இந்த ஞாயிறு முழுவதும்
அனைவரும் வருக